டிமென்ஷியா உள்ளவரின் வலியைக் கண்டுபிடித்துத் தணிப்பது எப்படி: படிப்படியான வழிகாட்டி

குளிக்க வைக்கப் போனால் கையை ஓங்குகிறார். ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்கிறார். ராத்திரி முழுக்க யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இப்படி நடந்தால் "நோய் முற்றிவிட்டது" என்று நாமே முடிவு செய்து, தூக்க மாத்திரை கேட்டு மருத்துவரிடம் போகிறோம். அதற்கு முன்பு ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். இவருக்கு எங்காவது வலிக்கிறதா?

என் அம்மாவைப் பார்த்துக்கொண்ட நாட்களில் இந்தக் கேள்வியை நான் மிகவும் தாமதமாகத்தான் கேட்டேன். இப்போது புதிதாகப் பராமரிப்புக்கு வருகிறவர்களுக்குச் சொல்லித் தரும்போது, அவர்களும் அதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, வலி எங்கே என்று அப்புறம் தேடுகிறார்கள். அதனால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிமென்ஷியா வந்தால் வலி தெரியாமல் போய்விடும் என்பது தவறான எண்ணம். குறைவது வலியைச் சொல்லும் திறன். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவரால் சொல்ல முடியவில்லை என்பதற்காக அவருக்கு வலி இல்லை என்றாகிவிடாது என்பதையும் சேர்த்தே எழுதியது.

தொடங்குமுன் தேவைப்படுபவை

ஒரு நோட்டு, ஒரு டார்ச், காய்ச்சல் பார்க்கும் கருவி. இவை எல்லா வீட்டிலும் இருக்கும். இவற்றோடு இரண்டு பட்டியல்களையும் தயார் செய்யுங்கள்.

முதலாவது, மருந்துப் பட்டியல். மருத்துவர் எழுதியவை, கடையில் நீங்களாக வாங்கியவை, தைலம், களிம்பு எல்லாம் அதில் வர வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமால் கலந்திருக்கும். அது தெரியாமல் தனியாகவும் பாரசிட்டமால் கொடுத்தால் அளவு மீறிவிடும்.

இரண்டாவது, பழைய வலிகளின் பட்டியல். மறதி வருவதற்கு முன்பு இவருக்கு எங்கெல்லாம் வலி இருந்தது? மூட்டுத் தேய்மானம், முதுகுவலி, ஒற்றைத் தலைவலி, எலும்பு முறிந்த இடம், அறுவை சிகிச்சை செய்த இடம், சர்க்கரை நோயால் வந்த பாத எரிச்சல். முட்டி வலி இருந்ததை அவர் மறந்திருக்கலாம். முட்டி அப்படியேதான் இருக்கிறது. கூடவே, வலி வந்தால் அந்தக் காலத்தில் என்ன செய்வார் என்பதையும் எழுதுங்கள். சிலர் ஊரைக் கூட்டுவார்கள், சிலர் பேசாமல் சுருண்டு படுப்பார்கள். இது பிறகு ரொம்ப உதவும்.

1. வழக்கமான மூன்று நாட்களை எழுதி வையுங்கள்

அவர் அமைதியாக இருக்கும் நாட்களிலேயே இதைச் செய்துவிடுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், எவ்வளவு சாப்பிட்டார், எப்படி நடந்தார், எவ்வளவு பேசினார், எப்போது மலம் கழித்தார், எப்படித் தூங்கினார். நாளுக்கு ஐந்தாறு வரி போதும்.

ஏன் இது முதல் படி? வலியின் அறிகுறி என்று தனியாக ஒன்று கிடையாது. அவருடைய வழக்கத்திலிருந்து ஏற்படும் மாற்றம்தான் அறிகுறி. எப்போதும் முனகுகிறவர் முனகினால் அதில் புதிய செய்தி இல்லை. எப்போதும் பாட்டு முணுமுணுப்பவர் இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை என்றால் அது பெரிய செய்தி. வழக்கம் எது என்று தெரியாதவருக்கு இந்த மாற்றம் கண்ணில் படாது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: கத்துபவரைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம், ஒடுங்கிப்போனவரை "இப்போது தொந்தரவே இல்லை" என்று விட்டுவிடுகிறோம். அசைந்தால் வலிக்கும் என்பதால் அசையாமலே இருக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2. அவசரம் எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

சிலவற்றை வீட்டில் வைத்து ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. விழுந்த பிறகு காலை ஊன்ற மறுப்பது, அல்லது ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருப்பது இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம். மார்பைப் பிடித்துக்கொண்டு வியர்ப்பது, வயிறு கல் போல் இறுகுவது, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் அடிவயிறு வீங்குவது, ரத்த வாந்தி, கறுத்த மலம், ஒரு பக்கம் செயலிழப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, நேற்று வரை நன்றாக இருந்தவர் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தலைகீழாக மாறிவிடுவது. டிமென்ஷியா இப்படி ஒரே நாளில் தாவாது. இது திடீர்க் குழப்பநிலை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலம் இறுகி அடைத்திருப்பது, புதிய மருந்து, வலி எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

3. அவரிடமே கேளுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். "அவருக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது" என்று அவர் எதிரிலேயே சொல்கிறார்கள். ஆரம்ப நிலையிலும் நடுநிலையிலும் உள்ள பலரால், சரியாகக் கேட்டால், வலியைச் சொல்ல முடியும்.

டிவியை நிறுத்துங்கள். கண்ணாடி, காது மிஷின் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். இந்த நிமிடத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். "ராத்திரி வலித்ததா, எத்தனை நாளாக வலிக்கிறது" என்றால் அவர் நினைவில் தேட வேண்டும், அது அவரால் ஆகாது. ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். பதில் பல சமயம் பதினைந்தாவது எண்ணில்தான் வரும். அதற்குள் நாம் அடுத்த கேள்விக்குப் போயிருப்போம்.

"வலிக்குதா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். நம் மொழியில் வலிக்கு எத்தனை பெயர்! கடுக்குதா, குத்துதா, எரியுதா, இழுக்குதா, குடையுதா, உளையுதா, மரத்துப்போகுதா? அவர் வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்திய சொல்லைக் கண்டுபிடியுங்கள். என் அம்மா வலிக்கிறதா என்று கேட்டால் "இல்லை" என்பார். "தோள் உளையுதாம்மா?" என்று கேட்ட அன்று, என்னைத் திரும்பிப் பார்த்து, "உசுரு போகுது" என்றார்.

அந்தச் சொல் மருத்துவருக்கும் பயன்படும். எரிச்சலும் மரத்துப்போதலும் நரம்பைக் காட்டலாம். கடுப்பும் உளைச்சலும் பெரும்பாலும் மூட்டையும் தசையையும் காட்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

பதிலை ஒரு முறை சரிபாருங்கள். முட்டியைத் தொட்டு "இங்கே வலிக்குதா?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் கழித்து "இந்த முட்டி நல்லா இருக்கா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் அந்தப் பதிலை நம்ப முடியாது, அடுத்த படிக்குப் போங்கள். ஆனால் வலிக்கிறது என்று தெளிவாகச் சொல்கிறவரை நம்புங்கள். ஐந்து நிமிடத்தில் அதை மறந்துவிடுகிறார் என்பதால் வலி பொய்யாகிவிடாது.

4. அசையும்போது ஐந்து நிமிடம் கவனியுங்கள்

சும்மா படுத்திருப்பவரைப் பார்த்துவிட்டு "நிம்மதியாக இருக்கிறார்" என்று எழுதிவைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மூட்டு வலியும் முதுகெலும்பு வலியும் புரட்டும்போது, உட்காரவைக்கும்போது, எழும்போது, சட்டை மாற்றும்போதுதான் வெளியே வரும். ஓய்வில் ஒரு முறை, அசைவில் ஒரு முறை, இரண்டையும் பாருங்கள்.

என்ன பார்ப்பது என்பதற்கு பெய்னாட் என்ற அளவுகோல் இருக்கிறது. முற்றிய டிமென்ஷியா உள்ளவர்களுக்காக 2003இல் வெளியானது. ஐந்து விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண், மொத்தம் 10.

மூச்சு: இயல்பாக இருந்தால் 0. அவ்வப்போது சிரமப்பட்டால் 1. சத்தத்தோடு திணறினால், அல்லது நீண்ட நேரம் வேகமாக மூச்சு வாங்கினால் 2.

குரல்: எப்போதாவது முனகினால் 1. திரும்பத் திரும்பக் கூப்பிட்டால், உரக்க அரற்றினால், அழுதால் 2.

முகம்: சோகம், பயம், நெற்றிச் சுருக்கம் என்றால் 1. முகம் கோணி, பல்லைக் கடித்தால் 2.

உடல்: இறுக்கம், நிலைகொள்ளாமை என்றால் 1. விறைத்துப்போவது, முட்டியை மடக்கி இழுத்துக்கொள்வது, முஷ்டியை மடக்குவது, தள்ளுவது, அடிப்பது என்றால் 2.

ஆறுதல்: பேச்சுக்கும் தொடுதலுக்கும் அடங்கினால் 1, எதற்கும் அடங்காவிட்டால் 2. ஆறுதலே தேவைப்படவில்லை என்றால் 0.

இந்த எண்ணை அவருடைய நேற்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள், பக்கத்துப் படுக்கைக்காரரோடு ஒப்பிடாதீர்கள். 6 வந்தவருக்கு 3 வந்தவரைவிட இரண்டு மடங்கு வலி என்று அர்த்தமில்லை. பசி, குளிர், ஈரத் துணி, பயம் இவையும் இதே மதிப்பெண்ணை ஏற்றும். எனவே அவற்றை முதலில் ஒரு சுற்றுப் பார்த்துச் சரிசெய்துவிட்டு மறுபடி எண்ணுங்கள்.

பார்க்கின்சன் தன்மை (கை நடுக்கம், உடல் விறைப்பு) உள்ளவர்களின் முகம் முகமூடி போல அசையாமல் இருக்கலாம். அவர்களுக்கு முகத்தைவிட உடலைப் பாருங்கள். நாடித்துடிப்பும் பிரஷரும் ஏறவில்லை என்பதை வைத்தும் வலி இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நாள்பட்ட வலியில் அவை ஏறாமலே இருக்கலாம்.

5. உச்சி முதல் உள்ளங்கால் வரை தேடுங்கள்

வலி இருக்கிறது என்று தெரிந்தபின் இடத்தைத் தேட வேண்டும். குளிக்கும் நேரம் இதற்கு நல்ல நேரம். வரிசையாகப் போனால் எதுவும் விடுபடாது.

வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். சொத்தைப் பல், வீங்கிய ஈறு, வாய்ப்புண், பல் செட் உரசிய இடம். சாப்பிட மறுக்கிற பலருக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கண் சிவந்திருக்கிறதா? காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா? தோளையும் முழங்கையையும் மெதுவாக அசையுங்கள். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். நோட்டைத் திருப்பி, கடைசியாக மலம் போன நாளைப் பாருங்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, இடுப்பின் பின்பக்கம், பிட்டம், குதிகால். படுக்கைப்புண் முதலில் வெறும் நிற மாற்றமாகவே தெரியும். மாநிறமும் கறுப்பும் உள்ள தோலில் சிவப்பாகத் தெரியாமல், கருமையாகவோ ஊதாவாகவோ தெரியலாம். சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள். உடலின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம் இருந்தால் அக்கியாக இருக்கலாம்.

கடைசியாகப் பாதம். செருப்பைக் கழற்றி, விரல் இடுக்கு வரைக்கும் பாருங்கள். ஒரு பெரியவர் மூன்று வாரமாக நடக்க மறுத்தார், நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். காலுறையைக் கழற்றியபோது கட்டை விரல் நகம் சதைக்குள் வளைந்து வளர்ந்து, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. நகத்தைச் சரிசெய்த ஒரு வாரத்தில் மறுபடி நடந்தார்.

6. மாத்திரைக்கு முன்பு சரிசெய்யக் கூடியவை

மலச்சிக்கலுக்கு வலி மாத்திரை கொடுத்தால் சிக்கல் தீராது, சில மாத்திரைகளால் கூடவும் செய்யும். பல் செட் உரசினால் செட்டைத்தான் சரிசெய்ய வேண்டும். கண்டுபிடித்த காரணத்துக்கு அதற்கான வைத்தியம் முதலில்.

படுத்தே இருப்பவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். முட்டிகளுக்கு இடையில் தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்கால் அடியில் ஒரு தலையணை. புரட்டுமுன் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். சொல்லாமல் தொடும்போது வரும் பயம் தசையை இறுக்கும், இறுகிய தசை இன்னும் வலிக்கும்.

வெந்நீர் ஒத்தடம் மூட்டுக்கு இதமாக இருக்கும். ஆனால் சுடுகிறது என்று அவரால் சொல்ல முடியாது என்பதை மறக்காதீர்கள். உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, துணி சுற்றி, பக்கத்திலேயே இருந்து கொடுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் வேண்டாம். வலி மருந்துள்ள பட்டையைத் தோலில் ஒட்டியிருந்தால் அந்த இடத்திலும் வேண்டாம்.

உடை மாற்றும்போது வலிக்கும் கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். அம்மா என்னை அடித்ததெல்லாம் இடது கையைச் சட்டைக்குள் இழுத்த அந்த ஒரு நொடியில்தான். வரிசையை மாற்றிய பிறகு அடிப்பது பெருமளவு நின்றுவிட்டது.

7. மருத்துவரிடம் எண்ணோடு போங்கள்

"ரொம்பத் தொந்தரவு செய்கிறார்" என்று ஆரம்பித்தால் அமைதிப்படுத்தும் மருந்து கிடைக்கவே வாய்ப்பு அதிகம். "நான்கு நாளாக, எழுப்பும்போது மட்டும் மதிப்பெண் 6, படுத்திருக்கும்போது 1, வலது இடுப்பைத் தொட்டால் கையைத் தள்ளுகிறார்" என்று சொல்லுங்கள். முடிந்தால் எழுந்து நிற்கும் காட்சியை மொபைலில் எடுத்துக் காட்டுங்கள். மருத்துவர் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கும்போது அவர் மிக அமைதியாகத்தான் இருப்பார்.

அமைதிப்படுத்தும் மருந்து வலியைத் தொடாது. அடிக்கும் கையைத் தளரவைக்கும், வலி உள்ளேயே இருக்கும். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் கொடுக்கும்போது இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. லூயி பாடி வகை டிமென்ஷியா உள்ளவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் கடுமையான விறைப்பையும் மயக்கத்தையும் உண்டாக்கலாம். அந்த வகை என்றால் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

8. பாரசிட்டமாலை நேரப்படி கொடுத்துப் பாருங்கள்

இடம் தெரியவில்லை, ஆனால் வலி என்ற சந்தேகம் பலமாக இருக்கிறது என்றால், மருத்துவர் சொல்லும் அளவில் சில நாள் பாரசிட்டமால் கொடுத்துப் பார்ப்பது ஒரு முறை. நடத்தை மாறினால் அதுவே விடை.

"தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்று எழுதி வாங்காதீர்கள். தேவைப்படுகிறது என்று அவர் கேட்க மாட்டார், அதனால் மாத்திரை அட்டையிலேயே இருக்கும். மணி பார்த்து, வேளை தவறாமல் கொடுக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது உச்ச வரம்பு. எடை 50 கிலோவுக்குக் கீழே இருப்பவர், சரியாகச் சாப்பிடாதவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், மது குடிப்பவர் ஆகியோருக்கு வரம்பு இதைவிடக் குறைவு. மருத்துவரே சொல்ல வேண்டும். நீரில் கரையும் மாத்திரைகளில் உப்புச் சத்து அதிகம் என்பதால், பிரஷரும் இதய நோயும் உள்ளவர்களுக்குக் கேட்டுக் கொடுங்கள்.

குளியல், புண் கட்டு மாற்றுவது போன்ற வேலைகளை மாத்திரை கொடுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து வையுங்கள். மருந்து வேலை செய்யத் தொடங்க அவ்வளவு நேரம் ஆகும்.

9. அது போதாவிட்டால்

இங்கிருந்து எல்லாமே மருத்துவர் முடிவு. நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் முதியவர்களுக்கு வயிற்றில் ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, இதயச் சிக்கல் தரலாம். வீட்டில் மீந்ததை எடுத்துக் கொடுக்க வேண்டாம். ஒரு முட்டி, ஒரு கை என்றால் மேலே தடவும் ஜெல் இதைவிடப் பாதுகாப்பானது.

மார்ஃபின் வகை மருந்துகள் என்றால் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். அதிகத் தூக்கம், புதிய குழப்பம், தடுமாற்றம் வந்தால் அன்றே தெரிவியுங்கள். எழுப்ப முடியாத தூக்கமோ மூச்சு மிக மெதுவாவதோ அவசர நிலை. ட்ரமடால் குழப்பத்தையும் வலிப்பையும் தரலாம். மனச்சோர்வு மருந்துகள் சிலவற்றோடு சேரும்போது ஆபத்து கூடும் என்பதால் மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள்.

தோலில் ஒட்டும் பட்டை என்றால் புதியதை ஒட்டுமுன் பழையதைக் கண்டுபிடித்து எடுங்கள். அவர் அதை உரித்து வேறெங்காவது ஒட்டியிருக்கலாம். கை எட்டாத முதுகின் மேல்பகுதியில் ஒட்டுவது நல்லது. காய்ச்சலும் ஒத்தடமும் பட்டையிலிருந்து மருந்தை வேகமாக உள்ளே இழுக்கும்.

நரம்பு வலிக்கு முன்பு அமிட்ரிப்டிலின் சாப்பிட்டிருந்தாலும் இப்போது அது குழப்பத்தைக் கூட்டும் மருந்து. மாற்றுக் கேளுங்கள்.

விழுங்க முடியவில்லை என்று எல்லா மாத்திரையையும் பொடிக்காதீர்கள். மெதுவாகக் கரைவதற்காகச் செய்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்குமான மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போகும். திரவமாகவோ ஆசனவாய் வழியாகவோ கிடைக்குமா என்று கேளுங்கள்.

10. அதே வேலையின்போது மறுபடி எண்ணுங்கள்

மருந்து தொடங்கிய பின்பு, முன்பு எந்த அசைவின்போது மதிப்பெண் போட்டீர்களோ அதே அசைவின்போது மறுபடி போடுங்கள். காலையில் எழுப்பும்போது போட்ட எண்ணை, மாலையில் படுத்திருக்கும்போது போட்ட எண்ணோடு ஒப்பிட்டால் எல்லா மருந்தும் வேலை செய்வதாகத்தான் தெரியும். ஆளும் மாறாமல் இருந்தால் நல்லது. மாறினால், முதல் நாள் இருவரும் சேர்ந்து நின்று தனித்தனியாக எண்ணிப் பாருங்கள்.

வலி குறைந்ததற்கு மதிப்பெண் மட்டும் சாட்சி அல்ல. அவர் தூங்கினாரா, தட்டைக் காலி செய்தாரா, கூப்பிட்டால் திரும்பினாரா? முதல் படியில் எழுதிய மூன்று நாட்களை எடுத்து வைத்துப் பாருங்கள்.

நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில், டிமென்ஷியாவோடு நடத்தைப் பிரச்சினையும் இருந்த 352 பேரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு 8 வாரம் படிப்படியான வலி மருந்து கொடுத்தார்கள், அதில் பெரும்பாலானவர்களுக்குக் கொடுத்தது பாரசிட்டமால்தான். அவர்களின் கிளர்ச்சி (அமைதியில்லாமல் கத்துவது, அடிப்பது போன்றவை) சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்தியதும் அது மறுபடி ஏறியது.

அதனால் "இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நன்றாக இருப்பதற்கே அந்த மருந்து காரணமாக இருக்கலாம். சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் கேட்டு அளவைக் குறைத்துப் பாருங்கள். குறைத்த நாளை நோட்டில் குறித்து, அடுத்த இரண்டு வாரமும் குளியல் நேரத்தில் எண்ணுங்கள். கை மறுபடி ஓங்கத் தொடங்கினால், பழைய அளவுக்குத் திரும்பலாமா என்று அன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.